மாமாவின் சாவுக்கு ஒதுக்கிய இடம்

மாம்போங்கில் நம் குடும்பத்தின் தலைவராக வீற்றிருக்கும் தாய்மாமா அவர்களுக்கு, குமாசியிலிருந்து உங்கள் அக்கா மகள் செர்வா பணிந்து வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்களும் உங்கள் சேவலும் நலம், முழங்கால் மட்டும் ஒத்துழைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்திவிட்டுச் சோளக்கஞ்சி காய்ச்சப் போனேன். எங்கள் வீட்டுக் கிழக் கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்கும் கஞ்சி கொதிப்பதற்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான். இன்று கஞ்சி முந்திக்கொண்டது. ஒருவழியாகத் திரை வெளிச்சமானதும் அது சொன்ன முதல் சேதி: இடம் இல்லை.

போன வாரம் நீங்கள் போனில் கேட்டது அப்போது நினைவுக்கு வந்தது. "ஏம்மா செர்வா, நீ படிச்சவன்னுதானே நம்ம வீட்டுச் சாவு வீடியோ எல்லாத்தையும் உன்கிட்ட குடுத்து வெச்சிருக்கோம்? என்னோடதுக்கு இடம் வெச்சிருக்கியா?" நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. "சிரிக்காதே. நாளைக்கு என்னைப் பாக்கணும்னு யாருக்காவது தோணினா, எதுல பாப்பாங்க?" என்றீர்கள். அதற்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

ஆகவே எதையாவது அழித்து உங்களுக்கு இடம் பிடிக்க உட்கார்ந்தேன். என் கணவர் ஓப்போங், "ஒரு சாவுல கேமராக்காரன் மழைக்கு ஓடினவங்களை மணிக்கணக்கா எடுத்து வெச்சிருக்கான் பாரு, அதைத் தூக்கு" என்று யோசனை சொன்னார். நான் கை வைக்கவும், யார் வீட்டுச் சாவுக்கோ சிவப்பும் கறுப்புமாகத் துக்கத் துணி உடுத்திக் கிளம்பிய போக்குவா சித்தி உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. உங்கள் தங்கையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

"கையை எடுடி! மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னவங்கதான் சொந்தம். பந்தலுக்குள்ள இருந்தவன் சோத்துக்கு வந்தவன். அதை அழிச்சுட்டா எவன் வந்தான், எவன் வரலைன்னு யாரு சாட்சி?"

"சரி சித்தி, ஆட்டத்தையாவது அழிக்கிறேன்."

"நான் ஆடினது அதுலதான்டி இருக்கு!"

"அப்ப சாப்பாட்டு வரிசை?"

"உன் வீட்டுக்காரர் மூணு பொட்டலம் வாங்கினது அதுல இருக்கு. அது எனக்கு வேணும்."

ஓப்போங் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவ எழுந்து போனார்.

கடைசியில் அம்மாவின் பெயரில் இருந்ததைத் திறந்தேன். உள்ளே அம்மாவின் சாவே ஒன்பது தடவை இருந்தது. ஓப்போங்கைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஈரக் கையோடு வந்து நின்றவர், "சித்தி பாக்க வர்றப்பல்லாம் புதுசா ஒரு காப்பி போட்டுக் குடுத்தேன். அந்தக் காலத்து கேசட் மாதிரி போட்டுப் போட்டுத் தேய்ஞ்சுட்டா? அத்தையாச்சே. அசலை ஒருத்தரையும் தொட விட்டதில்லை" என்றார் பெருமையாக. திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் இந்த மனிதர் என் அம்மா தேய்ந்துவிடாமல் இத்தனை வருடம் காவல் இருந்திருக்கிறாரே என்று நினைத்ததும் வாய் மூடிக்கொண்டது. சரியென்று முதல் நகலை அழித்தேன், அவ்வளவுதான், சித்தி தலையில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, "கொலைகாரி! என் அக்காவை ரெண்டாவது தடவையும் சாகடிச்சுட்டாளே!" என்று முழுச் சாவு ஒப்பாரியே வைத்துவிட்டார், அதைக் கேட்டு அக்கம்பக்கத்தார் ஓடி வர, எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்றபடியே எந்த நிறத்துணி உடுத்த வேண்டும் என்று துக்கத்தோடு விசாரிக்க, மிச்சமிருந்த எட்டையும் திரையில் காட்டிய பிறகுதான் சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தனை அக்காவா? அப்ப சரி. எனக்கு ஒண்ணை வெச்சுட்டு மிச்சத்தை முடிச்சுடு."

முடித்துவிட்டேன். மற்றவர்களின் சாவுக்கும் இப்படியே நகல்கள் இருந்தன, அவற்றையும் அழித்தேன். இப்போது பாதிக் கம்ப்யூட்டர் காலி. வெள்ளிக்கிழமை உடல் வீட்டுக்கு வருவதிலிருந்து ஞாயிறு நன்றிப் பிரார்த்தனை வரை, பித்தளை வாத்தியக் கோஷ்டியோடு, உங்களுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது மாமா. நிம்மதியாக இருங்கள்.

எல்லோரும் போன பிறகு அம்மாவின் அசலைப் போட்டுப் பார்த்தேன். சரிகைத் துணியும் தங்கமுமாகப் படுத்திருக்கிறாள், மணிக்கணக்காக. ஒரு வார்த்தை இல்லை. பிறகு வேறு யாருடைய சாவு வீடியோவிலோ தற்செயலாக அகப்பட்டாள். கேமராக்காரனைப் பார்த்துக் கையை ஓங்குகிறாள். "என்னை ஏம்ப்பா எடுக்கறே? நான் உசுரோடதானே இருக்கேன். போய்ச் செத்தவரை எடு!" சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இத்தனை பெரிய கம்ப்யூட்டரில் அம்மாவின் குரல் இவ்வளவுதான். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தேயவில்லை.

நம் முன்னோர் உங்களுக்கு நீண்ட ஆயுளும், முழங்காலுக்குத் தெம்பும், சேவலுக்கு நல்ல புத்தியும் கொடுக்கட்டும்.

உங்கள் அக்கா மகள்,
செர்வா

பி.கு.: மேலே இடம் இருக்கிறது என்று எழுதியதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். வரும் சனிக்கிழமை எந்தச் சாவுக்கும் போகாமல், கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு மாம்போங்குக்கு வருகிறேன். நீங்கள் சேவலைத் திட்டுவது, ஃபுஃபுக் களியை இன்னும் இடிக்கணும் என்று குறை சொல்வது, என்னைச் சிரிக்காதே என்று அதட்டுவது, எல்லாவற்றையும் எடுத்துக் காலி இடம் முழுவதையும் நிரப்பப் போகிறேன். ஓப்போங்கிடமோ சித்தியிடமோ இன்னும் மூச்சு விடவில்லை. ஆகவே மாமா, உங்கள் சாவுக்கு இப்போதைக்கு இடமில்லை. கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.