வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஓர் ஆராய்ச்சிப் பிரிவு

யோசிப்பதை எப்படி வெளியே காட்டுவது? சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். பார்க்கிறவர்களுக்குச் சுவரும் நானும் ஒன்றுதான். சுவராவது வீட்டைத் தாங்குகிறது.

காலையிலிருந்து அவள் மனம் இப்படியே தன்னைக் குத்திக்கொண்டிருந்தது. மோட்டார் போடும் சத்தத்தை வைத்து அது எப்போது மக்கர் பண்ணும் என்று சொல்லும் மென்பொருள் அவளுடையது. கம்பெனியின் முதலாளி, தொழிலாளி, காவலாளி எல்லாம் அவளே. அறிவுசார் நிறுவனம் என்று அரசு அங்கீகரித்தால் தொழில்நுட்பப் பூங்காவில் வாடகையில்லாமல் ஓர் அறை கிடைக்கும். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு வேலை பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது. இன்று அதிகாரி நேரில் வருகிறார்.

"ஆராய்ச்சிப் பிரிவு எங்கேன்னு கேட்டா என்னங்க சொல்றது?"

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் கணவர். பல் டாக்டரான தன் தங்கையிடம் வெள்ளைக் கோட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடியும் கையுமாக நின்றார்.

திறந்திருந்த கதவு வழியாக மாடிவீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "தம்பி, நீங்க டாக்டரா? சொல்லவே இல்லையே! இந்த முட்டியைக் கொஞ்சம் பாருங்களேன்."

அக்காவை அனுப்புவதற்குள் அதிகாரி உள்ளே வந்துவிட்டார்.

"இவங்க யாரு?" என்று அக்காவைக் காட்டிக் கேட்டார்.

"எங்க ஆலோசகர்," என்றாள் அவள். சொன்ன வாய்க்கே வியர்த்தது.

"எதுல?"

"முட்டியில," என்றாள் அக்கா.

கணவர் பாய்ந்து வந்தார். "தேய்மானம் சார்! மூட்டும் மோட்டாரும் ஒண்ணுதான். சத்தம் போட்டுட்டுத்தான் நிக்கும். மடக்குங்கக்கா!"

அக்கா மடக்கினாள். 'கடக்' என்றது. அதிகாரி குனிந்து, மிகுந்த மரியாதையோடு காது கொடுத்துக் கேட்டார்.

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. "சார், எல்லாம் பொய். இவர் துணிக்கடை மேனேஜர். ஆராய்ச்சின்னா இங்க நான் ஒருத்திதான். சும்மா உட்கார்ந்து யோசிப்பேன்."

"தெரியும்மா. உங்க மென்பொருளைப் போன வாரமே சோதிச்சாச்சு. அறைச் சாவி குடுக்கத்தான் வந்தேன்."

சாவியைக் கொடுத்துவிட்டும் அவர் கிளம்பவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு எங்க ஆபீசைப் பார்க்க மேலதிகாரிங்க வர்றாங்க. எங்ககிட்டயும் ஒரு ஆராய்ச்சிப் பிரிவு இருக்குன்னு சொல்லி வச்சிருக்கோம். சாரை அந்தக் கோட்டோட ஒரு நாள் அனுப்புவீங்களா? முடிஞ்சா அக்காவையும்."

கணவர் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"மாட்டேன் சார்," என்றாள் அவள் மெதுவாக. "யோசிக்க ஆள் வேணும்னா சொல்லுங்க, நான் வர்றேன்."