தாமசம் உண்டோ சாரே?

இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு ஒரு திமிர் இருக்கும். எனக்கு அது கொஞ்சம் கூடுதல். கேரள எல்லையோரத்து வெள்ளறடையில் பிறந்தவளாயிற்றே! வீட்டில் தமிழ், பஸ்ஸில் மலையாளம், சண்டை என்று வந்தால் இரண்டும். (எது முதலில் வாயில் வருகிறதோ அது.) அந்தத் திமிரை ஒரே ஒரு சொல் போட்டு உடைத்தது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். மாமி, அதாவது என் மாமியார், நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் மலையாள ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றிருந்தார். வருஷா வருஷம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய், தலை எண்ணி, வாந்தி துடைத்து, மறுபடியும் தலை எண்ணிக் கொண்டுவந்து சேர்த்தவர். அவருக்கு ஒரே ஓர் ஆசை மிச்சம் இருந்தது.

"காட்டுல டென்ட் அடிச்சு ஒருக்காவது உறங்கணும். எண்ணுறதுக்குப் பிள்ளைய ஒண்ணும் வேண்டாம்."

"நான் ஏற்பாடு செய்யுதேன் மாமி!" என்று குதித்தேன். அதுவரை அந்த வீட்டில் எனக்குத் தந்திருந்த பெரிய பொறுப்பு தேங்காய் துருவுவது. நல்ல பெயர் வாங்க இதைவிட்டால் வேறு வழி இல்லை என்று தோன்றிவிட்டது.

மூணாறு பக்கமுள்ள தேசியப் பூங்காவைத் தேர்ந்தெடுத்தேன். நோட்டுப் போட்டு நாலு கலர் பேனாவில் திட்டம் எழுதினேன். கூடாரம், கயிறு, அட்டைக்கடிக்கு உப்பு, அவித்த கப்பைக்கிழங்கு, மீன்கறி, மாமியின் முழங்காலுக்குத் தைலம். நுழைவுச் சீட்டும் எடுத்தாயிற்று. "தங்குறதுக்கு புக் பண்ணாண்டாமா?" என்று கேட்டார் என் கணவர் ஷிபு. சொந்தக் கூடாரம் கொண்டுபோகிறவர்களுக்கு எதற்கு புக்கிங் என்று அவர் வாயை அடைத்தேன். (என்ன ஒரு மூளை!)

என் கவலையெல்லாம் கேட்டில் நிற்கும் கூட்டத்தைப் பற்றித்தான். மாமியால் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாது. அதனால் பூங்கா அலுவலகத்துக்குப் போன் போட்டு, என்னுடைய மிகச்சிறந்த மலையாளத்தில் கேட்டேன்.

"சாரே, அம்மைக்கு கால் வய்யா. அவிடெ தாமசம் உண்டோ?"

"தாமசம் ஒந்நும் இல்ல. வந்நு கண்டிட்டு போகாம்."

தாமதமே கிடையாதாம், வந்து பார்த்துவிட்டுப் போகலாமாம். எவ்வளவு நல்ல மனிதர்! "எல்லாம் சரியாக்கும்" என்று வீட்டில் அறிவித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மாமி சபைப் பெண்கள் எல்லாரையும் நிறுத்தி, "காட்டுக்குள்ள தங்கப் போறோம். மருமவளாக்கும் எல்லா ஏற்பாடும்" என்று சொல்லிவிட்டார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

விடியுமுன் புறப்பட்டு மத்தியானம் ஒரு மணிக்குக் கேட்டில் போய் நின்றோம். காரின் மேல் கட்டியிருந்த கூடாரத்தைப் பார்த்தார் காவலர்.

"இது எந்தினா? இவிடெ தாமசம் இல்லல்லோ."

"அதான் சாரே, நானும் சொல்லுதேன். தாமசம் இல்லேன்னுதானே போன்ல சொன்னீங்க?"

"அதே. தாமசம் இல்ல."

"அப்ப உள்ளே விடுங்க!"

"தாமசம் இல்லாந்நு பறஞ்ஞில்லே?"

அவர் குரல் ஏற, என் குரல் அதற்கும் மேலே ஏற, பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. ஷிபு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அப்போதுதான் பின்சீட்டிலிருந்து அந்த வகுப்பறைக் குரல் வந்தது.

"மோளே, நீ போன்ல என்ன கேட்டே? அப்படியே சொல்லு."

சொன்னேன். மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ கேட்டது தாமதம். அவரு சொன்னது தங்குறது. தாமசத்துக்கு ரெண்டு அர்த்தமும் உண்டும்லா?"

எனக்கா தெரியாது? இரண்டையும் பிறந்ததிலிருந்து பேசுகிறேன். தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றுதான் மண்டையில் இருந்தது. சபை முழுக்கச் சொல்லிவிட்டு வந்த மாமியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அழுதுவிட்டேன்.

"அழாண்டாம். உறங்கணும்னுதான் நான் சொன்னேன், ராத்திரின்னு சொன்னனா? எலே ஷிபு, டென்டை இறக்கு."

எதிரே ஒரு சாயாக்கடை. கடைக்காரரிடம் மாமி என்ன பேசினாரோ, கடைக்குப் பின்னால் இருந்த புல்மேட்டில் நட்டநடு மத்தியானத்தில் கூடாரம் எழுந்தது. கப்பையும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு உள்ளே போய் ஜிப்பை இழுத்தவர்தான். குறட்டை சாலை வரைக்கும் கேட்டது. வரையாடு பார்க்க வந்தவர்கள் கூடாரத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மாமி எழுந்தபோது கேட்டை அடைத்துவிட்டார்கள். நாங்கள் ஓர் ஆட்டைக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபைப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். நான் மாமியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"டென்டுல உறங்கினியளா டீச்சரே?"

"பின்னே! இப்படியொரு உறக்கம் நான் உறங்கினதே இல்ல" என்றார் மாமி. ஒரு வார்த்தை பொய் இல்லை. அன்றைக்கு அவரை எனக்கு நிஜமாகவே பிடித்துப்போயிற்று.

ஆனால் வீட்டுக்குள் அந்தக் கருணை செல்லாது. போன வாரம்கூட குன்னத்துகாலில் பஸ் நின்றுபோய், வீடு திரும்ப நேரமாகிவிட்டது. மாமி போன் போட்டார்.

"தாமசமா மோளே?"

"தாமசம் இல்ல மாமி, இந்தா வாறேன்."

"தாமசம் இல்லியா? அப்ப உனக்குச் சோறு வைக்காண்டாம். வந்து பாத்துட்டுப் போயிரு."