கண்ணியமான தோற்றமுடைய தாய்

திருச்சி ஜில்லாவில் யார் கண்ணியமானவர், யார் அல்லர் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. அவர் நீதிபதி அல்லர். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சிறு தினசரியில் உதவி ஆசிரியர். ஸ்ரீரங்கத்தில் எங்கள் எதிர்வீடு. தெருவில் அவருக்குப் பெயரே ‘கண்ணியம் சார்’தான்.

இப்போது பேப்பர்களில் அந்தச் சொல் அபூர்வமாகிவிட்டது. அப்போதெல்லாம், “கண்ணியமாக உடையணிந்த ஆடவர் ரயிலில் இறந்து கிடந்தார்” என்றுதான் செய்தி வரும். சட்டையும் செருப்பும் வாரிய தலையும் இருந்தால் கண்ணியம். ஒன்று குறைந்தாலும் இறந்தவர் வெறும் ஆடவர். பெண்களுக்குச் சட்டம் இன்னும் கடுமை: பின்னிய தலை, கசங்காத புடவை. பெண்கள் பெயரை மட்டும் போடவே மாட்டார், அது கண்ணியக்குறைவாம்.

ஒரு மிராசுதார் வீட்டில் திருட்டுப் போனது. அவர் பனியனோடு வந்து புகார் கொடுத்ததால் அந்தச் சொல் அவருக்குக் கிடைக்கவில்லை. திருடனுக்குக் கிடைத்தது. அவன் கோட்டுப் போட்டிருந்தான்.

சண்டைக்கு வந்த காரியஸ்தரிடம், “உங்க ஐயாவைச் சட்டை போட்டுக்கிட்டு இன்னொரு தடவை திருட்டுக் கொடுக்கச் சொல்லுங்க, போடறேன்” என்றாராம்.

அதே வருஷம் ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபம் படித்துறையில் பக்கத்து வீட்டு அக்கா என் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினாள். முடிச்சுக்காகத் தலை குனிந்தேன். நிமிர்ந்தபோது மூன்று வயது மகனைக் காணோம். காவிரி நுரைத்துக்கொண்டு போனது.

எங்கெல்லாம் ஓடினேனோ. கடைசியில் அவன் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் நடுவே உட்கார்ந்து காப்பரிசி தின்றுகொண்டிருந்தான். போலீஸ்காரர் அவனை என்னிடம் ஒப்படைத்தபோது என் கூந்தல் அவிழ்ந்து, புடவை முழங்கால்வரை சேறாகி, ரவிக்கைக் கை கிழிந்திருந்தது. பக்கத்தில் பென்சிலும் கையுமாகக் கண்ணியம் சார்.

சாயங்காலம் அவர் வாசலில் போய் நின்றேன். போனது சரியா என்று இன்றும் தெரியவில்லை.

“பேப்பர்ல போட்டுடாதீங்க சார். முசிறியில மாமியார் தினம் படிப்பாங்க. உனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியலை, எங்கிட்ட விடுன்னு ஏற்கெனவே சொல்லிக்கிட்டிருக்காங்க. இது தெரிஞ்சா வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க.”

“பிள்ளை தொலைஞ்சது நிஜந்தானேம்மா?”

“நிஜந்தான்.”

“அப்ப போடணும்.”

மறுநாள் பேப்பரைப் பிரிக்கக் கை வரவில்லை. மத்தியானம் முசிறி பஸ்ஸில் மாமியாரே பேப்பரோடு வந்து இறங்கினார். பையனின் பெயரும் தெருப் பெயரும் அதில் இருந்தன.

“இது இவன்தானே?”

“ஆமாங்க அத்தை.”

பேரனை மடியில் இருத்திக்கொண்டு உரக்கப் படித்தார்: “கூட்டத்தில் வழி தவறிய சிறுவன், கண்ணியமான தோற்றமுடைய தாயிடம் ஒப்படைக்கப்பட்டான்.”

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பேப்பர்லயே போட்டுட்டான். இனிமே நான் ஒருத்தி வேற மாதிரி சொன்னா ஊர் சிரிக்கும்.”

சாப்பிட்டுவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் தனியாகத் திரும்பினார்.

கண்ணியம் சாரிடம் மறுநாள் காலையில் கேட்டேன். “நான் இருந்த கோலத்துக்கு அந்த வார்த்தை எப்படி சார்?”

“தப்பாப் போட்டுட்டேனா? திருத்தம் வேணும்னா நாளைக்குப் போட்டுடறேன்.”

“வேண்டாம் சார்.”

குடையை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பும்வரை நானும் பையனும் வாசலிலேயே நின்றோம்.