குட்டைத் தண்ணீரில் என் அக்கா

என் ஆயுளில் நான் எடுத்த புகைப்படங்கள் மொத்தம் எட்டு. அவற்றில் ஏழில் மனிதர்களே கிடையாது. எட்டாவதில் என் அக்கா இருக்கிறாள். நான் சொன்னால்தான் தெரியும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ரயில்வேயில் குமாஸ்தா, பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் வாசம். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய பெட்டிக் கேமரா ஒன்றை வாங்கியிருந்தேன். கூடவே அவர் தள்ளிவிட்ட ஆங்கிலப் பத்திரிகையில், பருவம் மாற மாற ஏரித் தண்ணீரில் தெரியும் பிம்பங்களை யாரோ படம் பிடித்திருந்தார். மரமா மேகமா என்று பிடிபடாத வெறும் கோடுகள். பார்த்ததும் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. (அவர்கள் ஊரில் பருவம் நான்கு. நம் ஊரில் இரண்டு: மழை பெய்யும் மாதம், அதைவிட அதிகமாகப் பெய்யும் மாதம்.) அதனாலென்ன? பக்கத்து ஊரான சாலாக் செலாத்தானில் ஈயம் தோண்டிக் கைவிட்ட ஒரு குட்டையைப் பிடித்துக்கொண்டேன். வெயில் நாளில் மூன்று படம், மழை தொடங்கியபின் நான்கு. பிலிம் சுருளில் இன்னும் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது.

அந்தச் சமயத்தில் ரப்பர் விலை விழுந்து, தோட்டத்தில் அத்தானுக்கு வேலை போயிற்று. செல்லம்மா அக்காவைக் கூட்டிக்கொண்டு கப்பலேறித் தஞ்சாவூர்ப் பக்கமே போய்விடுவது என்று முடிவு செய்தார். அம்மாவிடம் அக்காவின் படம் ஒன்றுகூட இல்லை.

"இனி எப்போ பாக்கப் போறேனோ. ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு படம் எடுத்துடுடா," என்றாள்.

"ஸ்டூடியோவா? அவன் எல்லாரையும் நாற்காலியில உக்கார வெச்சுப் பொணம் மாதிரி எடுப்பான். நான் எடுக்கறேம்மா."

"வாயக் கழுவுடா! யாரு எடுத்தாலும் சரி, மூஞ்சி நல்லாத் தெரியணும்."

"அதெல்லாம் தெரியும்."

கப்பல் நகர்வதைப் பார்க்கத் தெம்பில்லை என்று அம்மா கிள்ளான் துறைமுகத்துக்கு வரவில்லை. காலையில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. அக்கா தலை நிறையப் பூவும் முகத்தில் பவுடருமாக என் எதிரே நின்றாள். அப்படியே அமுக்கியிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே இல்லை. நான், சனியன், கீழே பார்த்தேன். அவள் காலடியில் தேங்கிய தண்ணீரில் வானமும் கப்பலும் அவளும் தலைகீழாக நின்றார்கள்.

"அசையாதேக்கா. தண்ணிக்குள்ள தெரியற உன்ன எடுக்கப் போறேன்."

"ஏன்டா, நான் இங்கதானே நிக்கறேன்?"

"இது கலைக்கா. உனக்குப் புரியாது."

"மச்சான், கப்பல்ல சங்கு ஊதிட்டான். எதையாவது எடுத்துத் தொலையும்!" என்று கத்தினார் அத்தான்.

அமுக்கினேன். அந்த நொடி பார்த்தா தூறல் விழ வேண்டும்? குட்டை முழுக்க வட்டம் வட்டமாகக் கலங்கியது. இன்னொன்று எடுக்கப் பிலிம் இல்லை.

"படம் நல்லா வந்துச்சுன்னு அம்மாகிட்டச் சொல்லு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா ஏணியில் ஏறிவிட்டாள்.

படத்தைக் கழுவிக் கொடுத்த ஸ்டூடியோக்காரர், "ஏன் தம்பி, பெட்டிக்குள்ள தண்ணி பூந்துடுச்சா?" என்று கேட்டார். அம்மா அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எம் மக எங்கடா?"

"அதோ வெள்ளையாத் தெரியுதே, அதாம்மா மூஞ்சி." எனக்கே நிச்சயமில்லை.

அம்மா திட்டவில்லை. நாலு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மகள் நேராக நிற்கட்டும் என்று படத்தைத் தலைகீழாகச் சட்டம் போட்டு மாட்டினாள்.

இன்றும் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் யாராவது கேமராவைத் தூக்கினால் போதும். "மாமாவுக்கு ஒரு வாளித் தண்ணி கொண்டாங்கப்பா!" என்று ஒரு குரல் கிளம்பும். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மூன்று வருஷம் கழித்து, பிரசவத்தில் அக்கா போய்விட்டாள் என்று கடிதம் வந்தது. அம்மா அழுது ஓய்ந்து, படத்தை இறக்கித் துடைத்தாள். குங்குமத்தை விரலில் தொட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நெத்தி எங்கடா இருக்கு?"

நான் குத்துமதிப்பாக ஒரு வட்டத்தைத் தொட்டுக் காட்டினேன். இன்றுவரை வெள்ளிக்கிழமைதோறும் அதே இடத்தில்தான் பொட்டு வைக்கிறோம். அது அக்காவின் நெற்றிதானா என்று எனக்குத் தெரியாது.