பதினேழாவது இடத்துப் பெரிய டாக்டர்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். மருத்துவக் கட்டுரையின் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியலும் கல்யாணப் பத்திரிகையில் வரும் பெயர் வரிசையும் ஒன்றுதான் என்று நான் மனதார நம்பினேன். பெரியவர்கள் மேலே, மற்றவர்கள் கீழே. செங்கல்பட்டில் இருபது வருடமாக டி.டி.பி. கடை வைத்திருப்பவனுக்கு வேறென்ன தோன்றும்? (ஒரு தாய்மாமன் பெயரைச் சித்தப்பாவுக்குக் கீழே போட்டதற்காக, அடித்த பத்திரிகை அத்தனையையும் என் மேஜையில் திருப்பிக் கொட்டியிருக்கிறார்கள். அந்தப் பயம் இன்னும் அப்படியே கீது.)

நித்யா கருங்குழிப் பெண். அவளுடைய அக்கா கல்யாணப் பத்திரிகை நம்ம கடையில் அடித்ததுதான். டாக்டருக்குப் படித்து முடித்து, மேற்படிப்பில் கடைசி வருடம். மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களின் நுரையீரலில் கல் தூசி படிவதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தாள். ஒரு வருடம் பட்டறை பட்டறையாகப் போய், உளியும் கையுமாக இருந்தவர்களைக் கெஞ்சிக் குழாயில் ஊத வைத்துச் சேர்த்த விஷயம்.

அன்று காலை பைலை மெயிலில் அனுப்பிவிட்டு, கடைக்கும் நேரில் வந்தாள்.

“அண்ணா, கடைசியில இருபத்திரண்டு ரெஃபரன்ஸ் இருக்கு. கமா, புள்ளி, சாய்வெழுத்து, இத மட்டும் இந்தத் தாள்ல ஜர்னல்காரங்க சொன்ன மாதிரி மாத்திடுங்க. மாமல்லபுரத்துல எங்க பெரிய டாக்டர் ஒரு கூட்டத்துல இருக்காரு. நானும் அங்கதான் போறேன். அவர் பாத்து சரின்னதும் அங்கிருந்தே அனுப்பணும். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள போகலேன்னா என்னைப் பரீட்சைக்கு உக்கார விடமாட்டாங்க.”

“நீ கவலைப்படாம போம்மா” என்றேன். அவள் கொடுத்த விதிமுறைத் தாள் டீ கிளாஸுக்கு அடியில் வைக்க ரொம்ப வசதியாக இருந்தது.

பட்டியலைத் திறந்ததும் எனக்குப் பகீரென்றது. துறைத் தலைவர் என்று முதல் பக்கத்தில் போட்டிருந்த அந்தப் பெரிய டாக்டரின் பெயர் பதினேழாவதாகக் கிடந்தது! பாவம், படிக்கிற பெண்ணுக்குச் சபை நாகரிகம் தெரியவில்லை என்று நானே பரிதாபப்பட்டு, அவரைத் தூக்கி ஒன்றாவது இடத்தில் உட்கார வைத்தேன். அடுத்து, ஒரே கட்டுரையை ஏழெட்டுப் பேர் சேர்ந்து எழுதியிருந்தால் அவர்களுக்கு இரண்டாவது, மூன்றாவது இடம். (பங்காளி பலம் உள்ளவர்களைப் பகைத்துக்கொள்ளக் கூடாது.) தனி ஆளாக எழுதியவர்கள் கடைசியில். எல்லார் பெயருக்கும் முன்னால் ‘டாக்டர்’ என்று சேர்த்தேன். ஒன்றரை மணிக்கு நித்யாவுக்கு மெயிலில் அனுப்பிவிட்டு, என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் என் மனைவி மெர்சி பிரிண்ட் எடுத்த தாளைப் புரட்டினாள். கடையில் பிழை பார்ப்பது அவள்தான். (வீட்டிலும்.)

“இன்னாங்க, வரிக்குப் பக்கத்துல சின்னதா ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டுகீதே, இது இன்னாது?”

“ஏதாவது அலங்காரமா இருக்கும்.”

அவள் டீ கிளாஸை நகர்த்தி, அடியில் இருந்த தாளைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “கட்டுரையில மொதல்ல வர்றது ஒண்ணு, அடுத்து வர்றது ரெண்டுன்னு இதுல எழுதிக்கீது. எந்த வரிய யாரு சொன்னாங்கன்னு காட்டத்தான் அந்த நம்பரு. நீ பட்டியல மாத்திகினியே, உள்ள மாத்துனியா?”

எடுத்த சோற்று உருண்டையைத் தட்டிலேயே வைத்தேன்.

“கல் தூசியால மூச்சுத் திணறல் வரும். நம்பர் ஒண்ணு” என்று படித்தாள் மெர்சி. “ஒண்ணு யாரு? பெரிய டாக்டரு. அவரு இன்னா எழுதிகீறாரு? பள்ளிப் பிள்ளைங்களுக்குக் குடல் புழு!”

உலகமெங்கும் மூச்சுத் திணறும் சிற்பிகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுப்பது என் கண்முன் ஓடியது. பரீட்சை எழுத முடியாமல் நித்யா அழுவதும் ஓடியது. போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். எடுத்தேன் ஸ்கூட்டரை. மெர்சி பின்னால் ஏறிக்கொண்டாள். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை நான் பிரேக்கைத் தொட்டதாக ஞாபகம் இல்லை.

“மெதுவா போ! நாம போய்ச் சேந்துட்டா கண்ணீர் அஞ்சலி போஸ்டர யாரு அடிப்பாங்க?”

மாமல்லபுரத்தில் கடலை ஒட்டிய ஓட்டல். வாசலில் காவலாளி மறித்தார். “அண்ணாத்த, எங்க பூந்துகினு போற?”

“உயிர் போற விஷயம்” என்று சொல்லிப் பூந்தேவிட்டேன்.

உள்ளே முப்பது நாற்பது டாக்டர்கள். மேடையில் பெரிய டாக்டர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் நித்யா, மடியில் லேப்டாப்போடு. அதன்மேல் அவள் விரல் இருந்தது. அனுப்பப் போகிறாள் என்று நானாக முடிவு செய்துகொண்டு, அடித்தொண்டையில் கத்தினேன்.

“அனுப்பாதம்மா! சார், நீங்க ஒண்ணாவது இல்ல சார்! பதினேழாவது!”

பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் எதுலங்க பதினேழாவது?”

“புழுவுல சார்.”

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். நித்யா லேப்டாப்பை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாள்.

“அண்ணா, நீங்க அனுப்பினத நான் இன்னும் தொறக்கவே இல்ல. கூட்டம் நடக்குதுன்னு போன அணைச்சு வெச்சிருக்கேன். நான் அவர் பேசறத எழுதிட்டிருந்தேன்!”

மெர்சி நிதானமாகத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். “காலையில இவங்க அனுப்புன பழைய பைலு நம்ம கம்ப்யூட்டர்லயே கீது. அத்த சரி பண்ணி இன்னொரு மெயில் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். முப்பது கிலோமீட்டரு ஓட்டிகினு வந்து கத்தியிருக்க வேணாம்.”

நான் கடலைப் பார்த்தேன். அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரிதான் இருந்தது.

ஓட்டல் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்தோம். மெர்சி விதிமுறையைப் படிக்கப் படிக்க, நித்யாவின் லேப்டாப்பில், பழைய பைலில், கமா போட்டேன், புள்ளி போட்டேன். ஒரு பெயரைக்கூட நகர்த்தவில்லை. பேச்சு முடிந்து வந்த பெரிய டாக்டர் கட்டுரையைப் படித்தார். பட்டியலில் தன் பெயர் வந்ததும் நின்றார்.

“பதினேழுதானா?” என்று என்னைக் கேட்டார்.

“ஆமா சார்.”

“சரி, அனுப்பும்மா.”

நாலு நாற்பதுக்குக் கட்டுரை போனது. நித்யா பரீட்சை எழுதினாள், பாஸ் ஆனாள்.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து என் பெயர் பதினேழு. கல்யாணப் பந்தியில் எனக்கு இடம் கிடைக்காவிட்டால், “இன்னும் உன் நம்பர் வரல” என்பாள் மெர்சி. நித்யா கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தபோதும், “பேரெல்லாம் நானே வரிசையா எழுதிட்டு வந்துட்டேன், கமா மட்டும் பாருங்கண்ணா” என்றாள்.

அந்தக் கட்டுரையை ஜர்னலில் ஏற்றுக்கொண்டார்கள். ஒரே ஒரு திருத்தம் கேட்டிருந்தார்கள்: பதினேழாவது மேற்கோளுக்கும் கல் தூசிக்கும் சம்பந்தமில்லை, அதை எடுத்துவிடவும்.