லாபம் அண்ணனின் ஓங்கில் கணக்கு

இந்த உலகத்தில் இருப்பதெல்லாம் தன்னால் எண்ணப்படுவதற்காகவே படைக்கப்பட்டது என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் லாபம் அண்ணன்தான். மரக்காணம் உப்பளத்தில் மூட்டை எண்ணுவது அவர் வேலை. அங்கே முதல் மூட்டைக்கு ‘ஒண்ணு’ என்று சொல்லமாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். அப்புறம்தான் ரெண்டு, மூணு. மற்றவர்கள் இந்த வழக்கத்தை உப்பளத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் கல்யாணப் பந்தியையும் அப்படித்தான் எண்ணினார். இரட்டைக் குழந்தை பிறந்தபோது, “லாபம், ரெண்டு. சரியா இருக்குது” என்று சொல்லித்தான் நர்ஸம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டாராம்.

2006-இல் சென்னையிலிருந்து ஒரு மேடம் ஓங்கில் கணக்கெடுக்க வந்தார். டால்பினுக்கு எங்கள் கடற்கரையில் அதுதான் பெயர். படிவத்தை நகலெடுக்க என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தவர், சம்பளமில்லாத தன்னார்வலராகக் கடைக்காரனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனார். எண்ணுகிற வேலை என்று கேள்விப்பட்டதும் லாபம் அண்ணன் தானாகவே வந்து நின்றார்.

படிவத்தில் பதினாறு கட்டங்கள். மேகம் எவ்வளவு, அலை எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் என்று கேள்விமேல் கேள்வி. ஓங்கிலுக்கு ஒரே ஒரு கட்டம், அதுவும் கடைசியில். அதன் கீழே, கண்ணால் பார்த்த இரண்டு பேர் கையெழுத்து. மூன்று நாள் படகில் சுற்றி மற்ற பதினைந்து கட்டத்தையும் பிரமாதமாக நிரப்பினோம்.

“நாளைக்கும் தெரியலைன்னா மரக்காணத்துக்கு பூஜ்யம் போட்டுட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவோம்ங்க” என்றார் மேடம்.

லாபம் அண்ணனுக்கு முகம் சுண்டிப்போனது.

“நம்ம கடலுக்கு பூஜ்யமா? ஏம்பா, ஊருக்குள்ள எப்படித் தலைகாட்டுறது?” என்று என்னிடம் புலம்பினார். அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லையென்று அண்ணி சொன்னார்.

நாலாம் நாள் காலை. மேடம் குனிந்து அலையின் உயரத்தை எழுதிக்கொண்டிருந்தார். படகுக்காரர் என்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் தலையை வெளியே நீட்டி, தின்ற இட்லியைக் கடலுக்குத் தானம் செய்துகொண்டிருந்தேன்.

“லாபம்!” என்று ஒரு கத்தல்.

மூன்று பேரும் நிமிர்ந்தோம். தண்ணீர் சும்மா கிடந்தது.

“எங்கண்ணே?”

“முழுகிடுச்சுப்பா. கறுப்பா, வழவழன்னு, முதுகு மட்டும் தெரிஞ்சுது!” ஐம்பது வயது மனிதருக்குக் கண்ணெல்லாம் தண்ணீர்.

அரை மணி நேரம் காத்திருந்தோம். அது திரும்ப வரவில்லை. மேடம் என்னைப் பார்த்தார். பூஜ்யத்தில் அவருக்கும் ஆசையில்லை.

“ரெண்டாவது கையெழுத்து?”

“நானும் பாத்தேன் மேடம்” என்று பேனாவை வாங்கினேன்.

லாபம் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். “எந்தப் பக்கமா போச்சு?”

“வடக்க.”

“தெக்கால போச்சு. டேய், பாக்காத மூட்டைக்கு எவனாவது கையெழுத்துப் போடுவானாடா?”

பேனாவைப் பிடுங்கி, கடைசிக் கட்டத்தில் அவரே பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டார். எனக்கு வந்த கோபத்தில் ஒரு வாரம் அவர் இருந்த பக்கமே போகவில்லை.

அறிக்கையிலும் மரக்காணம் பூஜ்யம்தான். அண்ணன் காலமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. போன மாதம் எக்கியார்குப்பம் கரையில் தனியாக நின்றுகொண்டிருந்தேன். அலைக்கு அப்பால் ஒரு கறுத்த முதுகு எழுந்து, பளபளத்து, தெற்கே பார்த்து முழுகியது.

“ரெண்டு” என்றேன்.