துவைத்தால் சுருங்கும் சுவர்

கட்டடக் கலையின் நெடிய வரலாற்றில் கல் சுமந்தவர்களுக்கும் வரைபடம் போட்டவர்களுக்கும் புகழ் உண்டு. அளவு எடுத்தவரை மட்டும் ஒரு நாயும் சீண்டியதில்லை. இந்த மாபெரும் அநீதியைத் துடைக்கவே நம் தையல்காரர் அவதரித்தார் என்று துணிந்து சொல்லலாம்.

அவதரித்தவர் சட்டைதான் தைத்துக்கொண்டிருந்தார். இஞ்ச் டேப்பைத் தொட்டாலே அவருக்குக் கருணை பொங்கிவிடும். தையலுக்கு என்று கொஞ்சம், துவைத்தால் சுருங்குமே என்று கொஞ்சம், மனுஷன் நாளைக்கே சதை போடலாமே என்று இன்னும் கொஞ்சம் சேர்த்து விடுவார். அவர் தைத்த சட்டைக்குள் வாடிக்கையாளரும் அவருடைய மச்சினனும் தாராளமாகக் குடித்தனம் நடத்தலாம். விளைவு, கடையில் ஈ ஓட்டினார். வீட்டில் மனைவி மாசமாக இருந்தாள்.

ஒருநாள் காண்ட்ராக்டர் ஒருவர் கோட்டும் கையுமாகச் சண்டைக்கு வந்தார். கோட்டை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தார். தோள்பட்டை முழங்கை வரை இறங்கியிருந்தது. என்ன நினைத்தாரோ, கோபம் போன இடம் தெரியவில்லை.

“கட்டடம் அளப்பீங்களா?” என்று கேட்டார்.

“சுவர் சுருங்காதேங்க.”

“அதெல்லாம் சுருங்கும். நீங்க தாராளமா விட்டு அளங்க.”

மறுநாளே தையல்காரர் ‘குவான்டிட்டி சர்வேயர்’ ஆனார். கட்டிய சுவரையும் போட்ட தரையையும் அளந்து எழுதுகிற உத்தியோகம். எழுதிய அளவுக்குத்தான் காண்ட்ராக்டருக்குப் பணம். அவர் எழுதுவதுதான் கட்டடம். மற்றதெல்லாம் வெறும் செங்கல்.

முதல் வேலையே மருத்துவமனையின் புதிய பிரசவ வார்டு. நம்மவர் சுவருக்குத் தையல் விட்டார், தரைக்கு மடிப்பு விட்டார். ஆய்வுக் கூட்டத்தில் இன்ஜினியர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வார்டு வெளியே இருப்பதைவிட உள்ளே பெரிதாக இருக்கிறதே என்று ஐயம் எழுப்பினார்.

“உள்ளே லைனிங் இருக்கு சார்,” என்றார் தையல்காரர்.

இந்தத் ‘தொழில்நுட்ப விளக்கம்’ உடனடியாகக் குறித்துக்கொள்ளப்பட்டது. காண்ட்ராக்டர் பூரித்துப்போனார். தையல்காரர் வீட்டுக்கு மிதந்து வந்தார். நம் பிள்ளை அந்த வார்டில்தான் பிறக்க வேண்டும் என்று மனைவி பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டாள், பாவம்.

வலி கண்டதும் அங்கேதான் கூட்டிப்போனார். நர்ஸம்மா கையை விரித்தார். எழுதிய அளவை நம்பிக் கட்டில்களை வரவழைத்தார்களாம். பாதிதான் உள்ளே நுழைந்ததாம், மீதியெல்லாம் நடைபாதையில். அங்கே ஒரு கட்டிலில் மனைவியைப் படுக்கவைத்தார்கள். தலைமாட்டில் ஒருவர் போன் பேசிக்கொண்டிருந்தார், கால்மாட்டில் குப்பைவண்டி உருண்டது. மறைக்கத் தையல்காரரே ஒரு போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வலிக்கு நடுவில் அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏங்க, நீங்க அளந்த மீதி ரூம் எங்கேங்க இருக்கு? என்னை அங்க கொண்டுபோய்ப் படுக்க வைங்க.”

அவருக்கு வெட்கத்தில் உயிரே போய்விட்டது. நல்லவேளை, பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகம். அவர் அழுதார், சிரித்தார், போர்வையைப் போட்டுவிட்டு நர்ஸம்மாவிடம் திட்டு வாங்கினார். பிறகு டேப்பை எடுத்து வார்டை மூலைக்கு மூலை அளந்தார். தையலுக்கு விடவில்லை, சுருக்கத்துக்கும் விடவில்லை. உள்ளது உள்ளபடி எழுதிக்கொண்டுபோய் இன்ஜினியரிடம் கொடுத்தார். இன்னொரு அறை கட்டாவிட்டால் தாய்மார் நடுவழியில்தான் பெற வேண்டும் என்றும் சொன்னார்.

அவசரக் கூட்டம் கூடியது. இன்ஜினியருக்கு வியர்த்தது. காண்ட்ராக்டர் எழுந்து, இவர் வெறும் தையல்காரர் என்ற அதிர்ச்சித் தகவலை வெளியிட்டார்.

“டெய்லரா?” இன்ஜினியர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். “படிக்காத ஆளை விட்டா ஆஸ்பத்திரியை அளந்தீங்க? தாய் பிள்ளை உயிரு சமாச்சாரமாச்சே, ஒரு பொறுப்பு வேண்டாமா?”

பொறுப்பு உடனே நிலைநாட்டப்பட்டது. தகுதியில்லாதவர் எடுத்த புதிய அளவு செல்லாது என்று தள்ளுபடி ஆனது. தையல்காரர் வேலையை விட்டு நீக்கப்பட்டார். அவரே முன்பு எடுத்த பழைய அளவு மட்டும் முற்றிலும் முறையானது என்று கூட்டம் ஒருமனதாகத் தீர்மானித்தது.